ஒரே ரெட்கரண்ட், நான்கு வடிவம்: புதரா, ஒற்றைத்தண்டா, குட்டை மரமா, தொட்டியா?

இலையுதிர் காலத்தில் ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ இங்கிலாந்திலோ ஒரு நாற்றுப்பண்ணைக்குள் போனால், ஒரே ரகச் செடி மூன்று இடத்தில் மூன்று விலையில் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு மூலையில் நாலைந்து குச்சி கிளைத்த புதர். மூங்கில் கழியோடு சேர்த்துக் கட்டிய ஒற்றைக் குச்சி இன்னொரு பக்கம். முகப்பில், இடுப்பளவு தண்டின் மேல் குடை பிடித்த மாதிரி குட்டை மரம். விலை அதற்குத்தான் அதிகம், பெரும்பாலும் புதரைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. இம்மூன்றோடு, "எனக்குத் தோட்டமே இல்லை, பால்கனிதான்" என்பவர்களுக்குத் தொட்டி நான்காவது வழி. கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே நல்லது என்பார். அது பொய்யுமில்லை. யாருக்கு எது என்பதில்தான் சிக்கல்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கேக்கில் போடும் கறுத்துச் சுருங்கிய 'கரண்ட்ஸ்' இதுவல்ல. அது உலர்ந்த சின்ன திராட்சை. இங்கே பேசுவது கண்ணாடி மணிபோல் ஒளி ஊடுருவும், புளிப்புத் தூக்கலான சிவப்புப் பழம். ஜெர்மன்காரர்கள் யோஹான்னிஸ்பேர என்பார்கள். ஜூன் 24, புனித யோவான் திருநாளையொட்டிப் பழுக்கத் தொடங்குவதால் வந்த பெயர். நார்வேயில் ரிப்ஸ், ஆஸ்திரியாவில் ரீபிசல்.

## எல்லாமே தொங்குவது இந்த ஒரு குணத்தில்

பிப்ரவரியில், இலை இல்லாத ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். நுனிப்பக்கம் வைக்கோல் நிறத்தில் இருப்பது போன வருடத்து வளர்ச்சி. அதற்குக் கீழே சாம்பல் நிறமாகிப் பட்டை உரிவது பழைய மரம். இரண்டும் சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தை ஒட்டி, மிளகு கொத்தாக ஒட்டினதுபோல் குண்டு குண்டாக மொட்டுகள் நெருக்கியடித்திருக்கும். பூ வருவது அங்கேதான். மேலே தனித்தனியாக, ஒல்லியாக, கூராக இருப்பவை பெரும்பாலும் இலைக்கானவை.

ரெட்கரண்ட் காய்ப்பது போன வருடக் கிளையின் அடிப்பாகத்திலும், இரண்டு மூன்று வயதான மரத்தில் முளைக்கும் குறுங்கிளைகளிலும். அதனால் பக்கக் கிளையை இரண்டு விரற்கடைக்கு ஒட்ட வெட்டினாலும் பழம் போகாது, கூடும். ப்ளாக்கரண்ட் இதற்கு நேர் எதிர்: போன வருடத்து நீளக்கிளை முழுக்கக் காய்க்கும், அதை ஒட்ட வெட்டினால் அந்த வருடம் பழம் இல்லை. ரெட்கரண்டையும், அதன் வெளிறிய உறவான வெள்ளைக் கரண்டையும், கூஸ்பெரியையும் சுவரில் ஒற்றைத் தண்டாக ஏற்ற முடிவதும், ப்ளாக்கரண்டை அப்படி ஏற்ற முடியாததும் இதனால்தான். கவாத்துப் பாடத்தை ப்ளாக்கரண்டுக்குச் சொன்னதிலிருந்து எடுத்து ரெட்கரண்டில் செய்வதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தப்பு.

## எதை வைத்து எடை போடுவது

இடம் எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைவிட முக்கியமானது, ஜூலை மாதம் நீங்கள் வீட்டில் இருப்பீர்களா என்பது. பள்ளி விடுமுறையும் ஊர்ப் பயணமும் வரும் அதே நேரத்தில்தான் பழமும் வருகிறது, கோடைக் கவாத்தும் வருகிறது, தண்ணீரும் தேவைப்படுகிறது. ஒற்றைத்தண்டுக்கும் தொட்டிக்கும் ஜூலையில் ஆள் வேண்டும். புதர் பொறுத்துக்கொள்ளும்.

அடுத்தது வலை. பழம் சிவந்த அன்றே ப்ளாக்பேர்ட் குருவிக்குச் செய்தி போய்விடும். வலை இல்லாத செடியை இரண்டே நாளில் காலி செய்யும். எனவே வலை போட வசதியான வடிவமா என்பது அலங்காரக் கேள்வியல்ல. அதன் பிறகு ஆயுள், மொத்தச் செலவு, குனிந்து பறிக்க முடியுமா என்பவை. கடைசியாக, நாலு கிலோ புளிப்புப் பழத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடக் குழந்தைகளுக்கு ஒரு கிலோ போதும். நாலு கிலோ என்றால் ஜெல்லியோ ஜூஸோ போட்டே ஆகவேண்டும்.

| | புதர் | ஒற்றைத்தண்டு | குட்டை மரம் | தொட்டி |
|---|---|---|---|---|
| இடம் | 1.5 மீ. அகலம் | செடிக்கு 40 செ.மீ. | சுமார் 1 மீ. வட்டம் | 40 லிட்டர் தொட்டி |
| வளர்ந்தபின் விளைச்சல் | சுமார் 4 கிலோ | சுமார் 1 கிலோ | 1.5 முதல் 2 கிலோ | 1 கிலோவுக்கு மேல் |
| கவாத்து | குளிர்காலத்தில் ஒருமுறை | குளிர்காலம் + ஜூலை | குளிர்காலம் + வேர்முளை நீக்கம் | குளிர்காலத்தில் ஒருமுறை |
| ஆயுள் | 15 முதல் 20 வருடம் | ஏறக்குறைய அதே | பாதிதான் எதிர்பார்க்கலாம் | மண் மாற்றுவதைப் பொறுத்தது |
| வலை | பெரியது, சிரமம் | சின்னது, எளிது | பைபோல் மூடலாம் | மிக எளிது |
| கூடுதல் செலவு | வலை | கம்பி, கழி, பல செடிகள் | முட்டுக்கழி, விலை | தொட்டி, மண், தண்ணீர் |

விளைச்சல் கணக்கு நல்ல மண்ணும், அரை நாளாவது வெயிலும், ஒழுங்கான கவாத்தும் இருந்தால் வருவது. உறைபனி பூவில் விழுந்த வருடம் நான்கு பத்திக்கும் பொருந்தாது.

## புதர்

சந்தேகமாக இருந்தால் புதரை வாங்குங்கள். விலை குறைவு, ஆயுள் அதிகம், தப்புக்கு இடம் கொடுக்கும்.

புதரிலேயே இரண்டு வழக்கம் உண்டு. இங்கிலாந்து வழக்கத்தில் 10 முதல் 15 செ.மீ. வெற்றுத் தண்டு விட்டு, அதன்மேல் எட்டு முதல் பத்து முதன்மைக் கிளைகளை நடுவில் குழிவான கிண்ணம்போல் நிரந்தரமாக நிறுத்துவார்கள். குளிர்காலத்தில் பக்கக் கிளைகளை ஒன்றிரண்டு மொட்டுக்கு, அதாவது 2 முதல் 3 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். முதன்மைக் கிளைகளை முதல் சில வருடம் புது வளர்ச்சியில் பாதி குறைப்பார்கள். ஜெர்மனிப் பக்கம் வெற்றுத் தண்டெல்லாம் இல்லை. மண்ணிலிருந்தே எட்டு முதல் பன்னிரண்டு கிளை. ஒவ்வொரு வருடமும் மிக வயதான இரண்டு மூன்றைத் தரையோடு வெட்டிவிட்டு, அடியிலிருந்து வந்த புதுக் கிளையில் அதே எண்ணிக்கையை விட்டு, மீதியை நீக்குவார்கள். நாலைந்து வயதைத் தாண்டிய கிளையில் பழம் தொங்கும் சரம் குட்டையாகி, பழமும் சிறுக்கும். பட்டை கறுத்து, பாசி படர்ந்த கிளைதான் முதலில் போகவேண்டியது.

கவாத்துக் கத்தரி பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஜெர்மன் வழக்கமே மேல். "வயதானதில் மூன்றை எடு, புதிதில் மூன்றை விடு" என்ற ஒரு வரியில் வேலை முடிகிறது. அந்த முறைக்கு நடும்போது தொட்டியில் இருந்ததைவிட நாலைந்து செ.மீ. ஆழமாக வைத்தால் அடியிலிருந்து புதுக் கிளை தாராளமாக வரும். கிண்ண வடிவம் வேண்டுமானால் இருந்த ஆழத்திலேயே நடவேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் ஆழமாக நட்டுவிட்டு, "அடியிலிருந்து குச்சி வந்துகொண்டே இருக்கிறது" என்று புலம்புபவர்கள் பலர்.

புதரின் மறைமுகச் செலவு வலை. ஒன்றரை மீட்டர் உயரமும் அகலமும் ஆன புதரை, ஓரம் தரையில் படியும்படி முழுக்கப் போர்த்த 5 × 5 மீட்டர் வலை வேண்டும். அதுவும் கிளைமேல் நேரடியாகக் கிடந்தால் குருவி வெளியில் உட்கார்ந்தே வலைக்கண் வழியாகக் கொத்தும்; இலையும் தளிரும் வலையில் சிக்கி, எடுக்கும்போது சரத்தோடு பிய்ந்து வரும். நாலு மூலையில் கழி நட்டு, மேலே கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டில் சொருகி, அதன்மேல் வலையை இழுத்துக் கட்டுவதே சரி. தொய்வாகத் தரையில் கிடக்கும் வலையில் முள்ளெலியும் குருவியும் மாட்டிச் சாகும். ஓரத்தைக் கல் வைத்து அழுத்துங்கள், தினமும் ஒருமுறை பாருங்கள், அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

புதரின் இன்னொரு குறை, நடு வயிற்றில் நடப்பது வெளியே தெரியாது. ஏப்ரல் கடைசியிலிருந்து, இலையைத் தின்னும் சாஃப்ளைப் புழு புதரின் நடுவில், தாழ்ந்த இலைகளின் அடியில்தான் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் செடி செழிப்பாக இருக்கும். ஒரு வாரம் கழித்து நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். மே மாதம் முழுக்க வாரம் இருமுறை நடுப்பகுதி இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் வரிசையாக வெளிர் முட்டையோ குண்டூசித் துளையோ தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும். இலை முழுக்கப் போனாலும் செடி சாகாது, ஆனால் அடுத்த வருடப் பழம் குறையும்.

## ஒற்றைத்தண்டு

கோர்டன் என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். வரிசைவீட்டுத் தோட்டத்தில் வேலியோரம் இரண்டு மீட்டர்தான் இருக்கிறது என்பவர்களுக்காகவே பிறந்த வடிவம். 40 செ.மீ.க்கு ஒன்றாக ஐந்து செடி அந்த இரண்டு மீட்டரில் அடங்கும். வேலியிலிருந்து அரை மீட்டருக்கு மேல் வெளியே நீட்டாது. ஐந்தும் ஐந்து ரகமாக இருந்தால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பழம் உண்டு. ஒரு புதரில் இது நடக்காது.

60, 120, 170 செ.மீ. உயரத்தில் மூன்று கம்பி. செடிக்கு ஒரு இரண்டு மீட்டர் மூங்கில். வேலை இப்படிப் போகும். நட்ட குளிர்காலத்தில் நுனித்தண்டைப் பாதியாக வெட்டி, பக்கக் கிளைகளை ஒரு மொட்டுக்குக் குறைத்து, அடியில் 10 முதல் 15 செ.மீ. வரை எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். ஜூன் கடைசி அல்லது ஜூலையில் அந்த வருடப் பக்கக் கிளைகளை ஐந்து இலை விட்டு வெட்டி, நுனியை வெட்டாமல் மூங்கிலில் கட்டவேண்டும். மறு குளிர்காலத்தில் அதே பக்கக் கிளைகளை ஒன்றிரண்டு மொட்டுக்குக் குறைத்து, நுனியில் அந்த வருட வளர்ச்சியில் 15 செ.மீ. மட்டும் விடவேண்டும். மேல் கம்பியைத் தொட்டபின் நுனியையும் பக்கக் கிளையாகவே எண்ணி வருடாவருடம் ஒட்ட வெட்டலாம்.

இங்கே ஆசைதான் எதிரி. நுனி நன்றாக ஓடுகிறதே என்று வெட்டாமல் விட்டால் இரண்டே வருடத்தில் மேல் கம்பியைத் தொடும். நடுத்தண்டு மட்டும் மொட்டையாக நிற்கும். மொட்டு தூங்கிப்போன இடத்தில் பின்னால் குறுங்கிளை வருவது அரிது. சிறுகச் சிறுக ஏற்றுவதற்குக் காரணம் அதுதான். ஜூலையில் அவசரப்பட்டு ஒரு மொட்டுக்கு வெட்டுவதும் தப்பு. அடிமொட்டு அந்தக் கோடையிலேயே துளிர்த்துவிடும், அடுத்த வருடப் பூ போச்சு. ஐந்து இலை என்பது அடிமொட்டைத் தூங்கவைக்கும் கணக்கு. ஒரு ஜூலை தவறிப்போனால் குடி முழுகாது. இரண்டு மூன்று தொடர்ந்து தவறினால் அது ஒற்றைத்தண்டல்ல, நெருக்கி நட்ட புதர்வரிசை.

கோடைக் கவாத்துக்கு இன்னொரு லாபம் உண்டு. வசந்தத்தில் இலை சிவப்பாகக் கொப்பளித்துச் சுருங்குவது அசுவினியால். அது விரும்புவது இளம் நுனியை. நுனியை வெட்டி எறியும்போது கூட்டமும் போகிறது. கொப்பளம் பார்க்கத்தான் அசிங்கம், விளைச்சலை அவ்வளவாகக் கெடுக்காது. மருந்து அடிக்கத் தேவையில்லை.

வலைக் கணக்கில் ஒற்றைத்தண்டு எளிதாக ஜெயிக்கும். ஐந்து செடி வரிசைக்கு மேலிருந்து இரு பக்கமும் தொங்கவிட 4 × 3 மீட்டர் போதும். சுவரோரம் என்றால் முன்பக்கம் மட்டும். புழுவும் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

வடக்குப் பார்த்த சுவர் சும்மா கிடக்கிறது என்றால் அதற்கும் ரெட்கரண்ட் ஒத்துக்கொள்ளும். பழம் தாமதமாகும், புளிப்பு கூடும், ஜெல்லிக்கு அது நல்லதே. சுவரடியில் மழை விழாது என்பதை மறக்கக்கூடாது. சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி நட்டு, முதல் இரண்டு கோடை தண்ணீர் விடவேண்டும்.

செலவு? ஐந்து செடி, கம்பி, கழி எல்லாம் சேர்த்தால் ஒரு புதரின் பல மடங்கு. கைக்கு அடங்க ஒரு வழி உண்டு, கடைசியில் வருகிறது.

## குட்டை மரம்

அழகு என்றால் இதுதான். ஜூலையில் கண்மட்டத்தில் சிவப்புச் சரம் தொங்கும். குனிய வேண்டாம், முதுகு, முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு வேறு எதையும் பரிந்துரைக்க முடியாது. அடியில் இடம் காலியாக இருப்பதால் கொத்தமல்லி, வெந்தயக்கீரை தூவலாம். ஆனால் வேர் மேலாகவே ஓடும் செடி, மண்வெட்டி போடக்கூடாது. மூடாக்குப் போட்டுக் களையைக் கையால் பிடுங்குவதோடு சரி.

விலையைத் தவிர இதில் மூன்று தொல்லை. இது ஒட்டுச்செடி. கீழே தண்டாக நிற்பது தங்கக் கரண்ட் என்ற வேறு இனம், 80 முதல் 90 செ.மீ. உயரத்தில் ரெட்கரண்டை ஒட்டியிருப்பார்கள். முழு எடையும் அந்த ஒட்டின்மேல். மழையில் நனைந்த இலை, முழுக்காய்ப்பு, ஒரு பலத்த காற்று மூன்றும் சேர்ந்தால் ஒட்டில் முறியும். கடையில் கட்டித்தரும் மெல்லிய மூங்கில் ஒட்டுக்குக் கீழேயே முடிந்துவிடும். அது போதாது. கட்டைவிரல் தடிமன் கழியைக் குடைக்குள் 20 செ.மீ. ஏறும்படி நட்டு, ஒட்டுக்கு மேலும் கீழும் எட்டு வடிவில் கட்டுங்கள். கட்டு தண்டை இறுக்குகிறதா என்று வருடம் இருமுறை பார்க்கவேண்டும்.

இரண்டாவது, தண்டிலும் வேரிலும் தங்கக் கரண்ட் முளைவிடும். ஆழமாக மூன்றாகப் பிளந்த சின்ன இலையை வைத்து அடையாளம் காணலாம். விட்டுவிட்டால் வசந்தத்தில் மணக்கும் மஞ்சள் பூவும் பூக்கும். "அழகாகத்தான் இருக்கிறது" என்று விட்டவர்களுக்குச் சில வருடத்தில் மேல்குடை மெலிந்து போகும். பச்சையாக இருக்கும்போதே இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அடியில் மொட்டு மிஞ்சி மறுபடி வரும்.

மூன்றாவதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. புதரில் ஒரு கிளை பட்டுப்போனால் அடியிலிருந்து இன்னொன்று வரும். குட்டை மரத்துக்கு ஒட்டுக்கு மேலே உள்ளதுதான் மொத்தச் சொத்து. அது போனால் வேரிலிருந்து வருவது ரெட்கரண்ட் அல்ல. குடையைக் குளிர்காலத்தில் தைரியமாகக் குறைத்து, பழைய மரத்தில் ஒன்றிரண்டை ஒட்டருகே வெட்டிப் புதுக் கிளைக்கு வழிவிடுபவர்களிடம்தான் இது நீடிக்கும். வெட்ட மனம் வராதவர்கள் இதை வாங்கவேண்டாம்.

## தொட்டி

வாடகை வீட்டுக்காரர்களுக்கும் பால்கனிக்காரர்களுக்கும். மகரந்தத்துக்கு வேறு செடி தேவையில்லாததால் ஒரே ஒரு செடியே காய்க்கும். ஏப்ரலில் பூ இருக்கும்போது இரவு உறைபனி அறிவித்தால் சுவரோரம் இழுத்து வைக்கலாம். நிலத்துச் செடிக்கு அந்த வசதி கிடையாது. இரவில் துணி போர்த்தி, காலையில் தேனீக்காக எடுக்கவேண்டும்.

40 லிட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். வெயில் நாட்களில் தினம் தண்ணீர். காய் நிறம் மாறும் வாரத்தில் இரண்டு நாள் காய்ந்தால் பழம் சுருங்கி உதிரும். கிளை கடுங்குளிரைத் தாங்கினாலும், தொட்டிக்குள் உள்ள வேர் நிலத்து வேர் அளவுக்குத் தாங்காது. நார்வேயிலும் கனடாவிலும் தொட்டியைச் சாக்கால் சுற்றி, தரையிலிருந்து உயர்த்தி வைக்கவேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்றவேண்டும். வெப்ப நாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீண்ட குளிர்காலத் தூக்கம் இல்லாமல் இது பூக்காது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தொட்டி எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.

## எந்த வடிவமானாலும் தப்பாத இரண்டு

சாம்பல்சத்து இதற்கு நிறைய வேண்டும். குறைந்தால் இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் பழுப்பாகும். ஊரில் தென்னைக்கும் வாழைக்கும் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் இங்கே ஆகாது; அதில் உள்ள குளோரைடு இந்தச் செடிக்கு ஒவ்வாது, அதனாலேயே இலையோரம் தீயும். சல்பேட் ஆஃப் பொட்டாஷை பிப்ரவரி கடைசியில் சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிராம் தூவினால் போதும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதீர்கள், அசுவினிக்குத்தான் விருந்து.

இன்னொன்று ரகம். நெதர்லாந்திலிருந்து 1941-இல் வந்த யோங்க்ஹீர் வான் டெட்ஸ் முந்திப் பழுக்கும், நிறையக் காய்க்கும். ஆனால் முந்திப் பூப்பதால் குளிர்ந்த ஏப்ரலில் பூ உதிர்ந்து, சரத்தில் பல் விழுந்த மாதிரி இடைவெளி வரும். அதே நாட்டின் ரோவாடா ஜூலைக் கடைசியில் பழுக்கும். சரம் நீளம், பறிப்பது சுகம். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் ரோவாடா. ஜூலை முழுக்க ஊருக்குப் போய்விடுபவர்களுக்கும் அதுவே பொருத்தம், திரும்பி வரும்போது பழம் காத்திருக்கும். வலை மட்டும் போகும் முன் கட்டியிருக்கவேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் வாங்கும் முன் தங்கள் மாநில விதியைப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பைன் மரத்துக்கு வரும் துரு நோயைப் பரப்பும் என்பதால் இருந்த மத்தியத் தடை 1966-இல் நீங்கினாலும், சில மாநிலங்களில் இன்னும் கட்டுப்பாடு உண்டு.

## எந்த வீட்டுக்கு எது

சொந்த நிலம், ஜெல்லி போடும் வழக்கம், வேலைக்கு நேரம் குறைவு: புதர். ஜெல்லிக்குப் பழத்தைக் காம்பிலிருந்து உதிர்க்கவே வேண்டாம். சரத்தோடு ஒரு கிலோவுக்கு 150 மி.லி. தண்ணீர் விட்டு வேகவைத்து, துணியில் இரவெல்லாம் வடியவிட்டு, சாற்றுக்குச் சம எடை சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் 105 டிகிரியில் தானே உறையும். உறையவைக்கும் பெக்டின் தூள் வாங்கத் தேவையில்லை. துணியைப் பிழிந்தால் கலங்கும்.

இரண்டு மீட்டர் வேலி, கத்தரி பிடிக்க ஆசை, பச்சையாகத் தின்ன நாலைந்து ரகம்: ஒற்றைத்தண்டு. குனிய முடியாதவர், வாசலுக்கு ஒரு அழகு: குட்டை மரம், நல்ல முட்டுக்கழியோடு. இரண்டு வருடத்தில் வீடு மாறக்கூடியவர்: தொட்டி.

ஒற்றைத்தண்டு வரிசையின் செலவுதான் தடுக்கிறது என்றால், ஒரே ஒரு புதரை வாங்குங்கள். அக்டோபர் கடைசியில் இலை உதிர்ந்ததும் அந்த வருடக் கிளையில் பென்சில் தடிமனில் 30 செ.மீ. போத்து வெட்டி, மேலே நாலு மொட்டை விட்டு மற்றதைக் கிள்ளி, பாதி நீளம் மண்ணுக்குள் போகும்படி 15 செ.மீ.க்கு ஒன்றாக ஊன்றி, காலால் நன்றாக மிதித்துவிடுங்கள். பத்து ஊன்றினால் ஏழெட்டு பிடிக்கும். உறைபனி மண்ணைத் தூக்கினால் மறுபடி மிதிக்கவேண்டும். அடுத்த நவம்பரில் வேரோடு எடுத்து, ஒற்றைக் குச்சியாக்கி வேலியோரம் நட்டுவிடலாம்.